உரியவர் அற்ற உருவம்: செல்பேசி விளையாட்டில் பாலினேசிய டிராகன்

2011இல் வந்த டிராகன்வேல், அதைத் தொடர்ந்து வந்த டிராகன் சிட்டி போன்ற செல்பேசி விளையாட்டுகளின் அடிப்படை ஒன்றே. இரண்டு டிராகன்களை இணைசேர்த்தால் முட்டை கிடைக்கும். பொரிந்து வரும் குட்டியை அதற்கான வாழிடத்தில் விட்டால் பொன் ஈட்டித் தரும். இவ்வகை விளையாட்டுகளில் மரமுகமூடி, பச்சைக்குத்துக் கோடுகள், பூமாலை, எரிமலைப் பின்னணி என்று பாலினேசிய வேடமிட்டு வரும் டிராகனைக் குறை சொல்வோர் பெரும்பாலும் அதன் தோற்றத்தையே குறை சொல்கின்றனர். சிக்கலின் வேர் அந்த வேடத்தின் கலவைத் தன்மையில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பல தீவுகளின் சாயல் ஒன்றாகச் சேரும்போது, அந்த உருவத்துக்காகக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கும் இல்லாமல் போகிறது.

பாலினேசிய மரபில் டிராகனை ஒத்த உயிர்கள் இடத்தோடு பிணைந்தவை. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரியரின் தனிவா ஒரு குறிப்பிட்ட ஆற்று வளைவிலோ சதுப்பிலோ வாழ்வது. பல தனிவாக்கள் அங்குள்ள குலத்தின் காவலர்கள். 2002இல் நியூசிலாந்தின் மெரெமெரெ அருகே வைக்காட்டோ விரைவுச்சாலைப் பணி நடந்தபோது, அந்தச் சதுப்பு காருதாஹி என்னும் தனிவாவின் உறைவிடம் என்று ங்காத்தி நாஹோ மக்கள் எடுத்துரைத்தனர். பணி நிறுத்தப்பட்டது, சதுப்பின் ஒரு பகுதியைக் காக்கும்படி சாலை வடிவமைப்பு திருத்தப்பட்டது. பெயர், இடம், குலம் மூன்றும் தெளிவாக இருந்ததால்தான் அந்தக் குரல் செல்லுபடியாயிற்று.

ஹவாயின் மோஓ பேருருவப் பல்லி, நீர்நிலைகளின் காவல். மவுயி தீவின் லஹைனாவில் மோகுஹினியா குளத்தில் உறைந்தவள் கிஹாவஹினே. அவள் அரச குலத்துப் பெண்ணாகப் பிறந்து, இறந்தபின் மோஓ ஆனவள் என்பது மரபு. அக்குளம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்ணிட்டு மூடப்பட்டது. திரையில் வரும் டிராகனுக்கோ குளமும் இல்லை, குலமும் இல்லை; வாங்கியவர் வைத்த இடத்தில் நிற்கிறது.

இந்த வேறுபாடு சட்டப் பரிந்துரைகளிலும் உண்டு. மாவோரிக் குலத்தினர் சிலர் 1991இல் தொடுத்த வை 262 வழக்கில் வைத்தாங்கி தீர்ப்பாயம் 2011இல் அறிக்கை தந்தது. உரிய காவலரும் வம்சத் தொடர்பும் கொண்ட படைப்புகளை வணிகத்துக்குப் பயன்படுத்தும்போது அக்காவலரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. மாவோரிச் சாயல் மட்டும் கொண்ட பொதுப்படைப்புகளுக்கு அந்தக் கடப்பாட்டை அது பரிந்துரைக்கவில்லை. இழிவுபடுத்தும் பயன்பாட்டை மட்டுமே எதிர்க்கலாம். அதாவது, எவ்வளவு கலக்கிறோமோ அவ்வளவு பொறுப்பு குறைகிறது. தீர்ப்பாயத்தின் நோக்கம் நேர்மையானது. ஆனால் விளையாட்டுத் தொழிலுக்கு இது வசதியான இடைவெளியாகிவிடுகிறது.

பாலினேசியர் கடல்வழி உறவினர். மவுயி என்னும் வீரனின் கதையைப் பல தீவுகள் பகிர்கின்றன. எனவே கலவையில் தவறில்லை என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் அந்தப் பகிர்வு வம்சவழி வந்தது. அதில் ஒவ்வொரு தீவும் தன் பெயரையும் தன் வடிவத்தையும் விடாமல் வைத்திருக்கிறது. 2001இல் லேகோவின் பயோனிக்கிள் பொம்மைகளில் மாவோரிச் சொற்கள் எடுத்தாளப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. பின்னர் ‘தொஹுங்கா’ என்ற பெயர் கைவிடப்பட்டது. எடுத்தது இன்னாருடையது என்று காட்ட முடிந்ததால் அது நடந்தது.

தடை கோருவது என் நோக்கமன்று. 2014இல் நியூசிலாந்து இயற்றிய ஹக்கா கா மாதே சட்டம் நல்ல முன்மாதிரி: வணிகப் பயன்பாட்டில், ‘கா மாதே’ என்னும் அந்த ஹக்கா ஆடல்பாடலை இயற்றியவர் ங்காத்தி தோஆ குலத் தலைவர் தெ ரௌபராஹா என்று குறிப்பிட வேண்டும், உரிமைத்தொகையை அச்சட்டம் கேட்கவில்லை. டிராகன் வடிவமைப்போரும் இதைப் பின்பற்றலாம். ஒரு நீர்நிலையைத் தேர்ந்தெடுங்கள். அதன் மக்களிடம் கேளுங்கள். அவர்கள் இசைந்தால் அவர்கள் பெயரை டிராகனின் பெயருக்கு அருகிலேயே திரையில் இடுங்கள். மறுத்தால் வேறு டிராகன் வரையுங்கள்.