கைதிக்கும் அறம் உண்டு



படைக்கலம் இழந்து கையுயர்த்தி நிற்பவனைக் கொல்லுதல் வீரமன்று என்பது பண்டுதொட்டு வரும் போரறம். அவ்வறத்திற்குச் சட்ட வடிவம் தந்தது 1929ஆம் ஆண்டு ஜெனீவா நகரிற் கையெழுத்தான போர்க்கைதிகள் உடன்படிக்கை. 97 உறுப்புரைகள் கொண்ட அவ்வுடன்படிக்கை, கைதிக்கு உணவும் உறைவிடமும் மருத்துவமும் அளித்தல் வேண்டும் என்றும், அவன் வீட்டாருக்குக் கடிதம் எழுத இடங்கொடுத்தல் வேண்டும் என்றும் விதித்தது. ஜேர்மனியும் அதனை ஏற்றுக்கொண்ட நாடே. அங்ஙனமாயின், இரண்டாம் உலகப் போரிலே ஜேர்மானிய இராணுவம் தன் கைதிகளை எவ்வாறு நடத்திற்று? இவ்வினாவுக்கு விடைகள் இரண்டு உள.

பிரித்தானிய, அமெரிக்கக் கைதிகளைப் பொறுத்தவரை உடன்படிக்கை பெரும்பாலும் பேணப்பட்டது. செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொதிகள் அவர்களை அடைந்தன. முகாம்களிலே நூல்கள் இருந்தன, நாடகங்கள் நடந்தன. கொடுமைகள் நிகழவில்லை என்று சொல்வதற்கில்லை. 1944 மார்ச்சு மாதம் சாகன் முகாமிலிருந்து தப்பியோடிப் பிடிபட்ட விமானப்படை அதிகாரிகளுள் 50 பேரை ஹிட்லரின் கட்டளைப்படி இரகசியப் பொலிசார் சுட்டுக் கொன்றனர். ஆயினும், இந்நாட்டுக் கைதிகளுள் இறந்தோர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு.

கிழக்கே நடந்தது வேறு. 1941 ஜூன் 22ஆந் திகதி சோவியத் ஒன்றியத்தின்மீது படையெடுப்புத் தொடங்கிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட செஞ்சேனை வீரர் சிறைப்பட்டனர். அவர்களைக் கால்நடையாய் நெடுந்தூரம் நடத்திச் சென்று, முள்வேலி சூழ்ந்த வெட்டவெளிகளில் அடைத்தார்கள். கூரையின்றி, வெறுங்கையால் மண்ணைத் தோண்டிக் குழிகளில் ஒடுங்கியவர் பல்லாயிரவர். பசியும் குளிரும் தொற்றுக் காய்ச்சலும் அவர்களை வாரிக்கொண்டு போயின. 1942 பெப்ரவரிக்குள் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் மாண்டனர். போர் முடியும்வரை சிறைப்பட்ட சுமார் 57 இலட்சம் பேரில் 33 இலட்சம் பேர் வரை இறந்தனர் என்று வரலாற்றாசிரியர் பலர் கணிப்பர்.

எதிர்பாராது பெருந்தொகையினர் சிறைப்பட்டமையால் உணவு போதவில்லை என்று பின்னர்ச் சிலர் சமாதானம் கூறினர். இச்சமாதானம் நில்லாது. பிடித்த நாட்டின் விளைச்சலைக் கொண்டே படையையும் ஜேர்மனியையும் ஊட்டுவது என்பது படையெடுப்பிற்கு முன்னரே வகுத்த திட்டம். படைகளின் உணவு வழங்கலுக்குப் பொறுப்பாயிருந்த தளபதி எட்வார்ட் வாக்னர், வேலை செய்யாத கைதிகள் பட்டினியால் மடியவேண்டியவரே என்று 1941 நவம்பரிற் கூறினார்.

மற்றொரு சமாதானம், சோவியத் ஒன்றியம் அவ்வுடன்படிக்கையிற் சேரவில்லை என்பது. அது மெய்யே. ஆனால், அதற்குரிய மறுமொழி ஜேர்மானிய இராணுவத்துள்ளிருந்தே எழுந்தது. 1941 செப்டெம்பரில், உளவுத்துறைத் தலைவர் கனாரிஸ் ஒரு குறிப்பை மேலிடத்துக்கு அனுப்பினார். அதனை வரைவதில் முன்னின்றவர் மோல்ட்கே என்னும் சட்ட அறிஞர். சிறைப்படுத்தல் பழிவாங்குதலுமன்று, தண்டனையுமன்று. கைதி மீண்டும் போரிடாது தடுக்கும் காவல் மாத்திரமே என்பதும், உடன்படிக்கை இல்லாவிடினும் இப்பொது நெறி எவரையும் கட்டுப்படுத்தும் என்பதும் அக்குறிப்பின் சாரம். இவை வீரமரபிற்குரிய போரெண்ணங்கள். இங்கு நடப்பதோ ஓர் உலகக் கொள்கையை அழிக்கும் வேலை என்ற கருத்துப்பட அதன் ஓரத்தில் எழுதி ஒதுக்கினார் பீல்ட் மார்ஷல் கைட்டல். நூரென்பேர்க் நீதிமன்றில் அக்குறிப்பே அவருக்கு எதிரான சான்றுகளுள் ஒன்றாயிற்று. 1946இல் அவர் தூக்கிலிடப்பட்டார். கனாரிஸும் மோல்ட்கேயும் அதற்கு முன்னரே, 1945இல், தம் அரசினாலேயே கொல்லப்பட்டிருந்தனர்.

உயிர்தப்பியோரின் துயர் அத்துடன் தீர்ந்ததா? இல்லை. சரணடைதலைத் துரோகமெனக் கருதும் கட்டளையை ஸ்டாலின் 1941 ஆகஸ்டிலேயே பிறப்பித்திருந்தார். மீண்டு வந்தோர் விசாரணை முகாம்களைக் கடக்க நேர்ந்தது. பலர் நெடுங்காலம் ஐயத்துக்குரியவராய் வாழ்ந்தனர். ருஷ்ய அரசு அவர்களின் உரிமைகளை முறைப்படி மீட்டளித்தது 1995இலே. ஜேர்மானிய நாடாளுமன்றம் எஞ்சியிருந்த முதியோருக்கு உதவித்தொகை வழங்க இசைந்தது 2015இலே. அதற்குள் பெரும்பாலானோர் மறைந்துவிட்டனர்.

நேயர்களே, ஒரே இராணுவம், ஒரே காலம். ஒரு சாரார்க்குக் கடிதமும் பொதியும். மறு சாரார்க்கு மண்குழியும் பட்டினியும். எதிரியை மனிதனென ஏற்ற இடத்திற் சட்டம் நின்றது. ஏற்க மறுத்த இடத்தில் அது ஏடாய்ப் போயிற்று. 1949இல் 143 உறுப்புரைகளோடு ஜெனீவா உடன்படிக்கை விரித்தெழுதப்பட்டமைக்கு இவ்வனுபவமும் ஒரு காரணம். இலங்கையும் அதனை 1959இல் ஏற்றுக்கொண்டது. சட்டத்தை விரித்தெழுதியாயிற்று, அதற்கு உயிரூட்டுவது நம் எதிரியை நாம் நோக்கும் நோக்கே.