அட்டையும் பொதிமாடும்

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் அருகே வாப்பா கடை வைத்திருந்தார். சம்பள நாள் வரைக்கும் அரிசி, மா, கருவாடு எல்லாம் கடனாகப் போகும்; கொப்பியில் கணக்கு ஏறும். ஒரு நாள் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி அந்தக் கொப்பியைப் பார்த்துச் சிரித்தபடி, "அட்டைகூட வயிறு நெறஞ்சா விழுந்திரும் மொதலாளி, இது விழ மாட்டேங்குதே" என்றாள். வாப்பாவும் சிரித்தார். எனக்கு அப்போது பத்து வயது.

நாட்டார் வழக்கில் விலங்கு வெறும் அலங்காரமல்ல என்பதைப் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன். "அட்டையைக் கட்டி மெத்தையில் கிடத்தினாலும் அது செத்தையையே நாடும்" என்பது பழைய தமிழ்ப் பழமொழி. எளியவனை உயர்த்தினாலும் அவன் புத்தி மாறாது என்று மேலிருந்து கீழே பார்க்கும் பார்வை அது. சமவெளி மனிதருக்கு அட்டை நீர்நிலையில் கிடப்பது. கண்டி மலையிலோ அது புல்லில் காத்திருந்து காலில் ஏறுவது. 1660இல் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்த றொபட் நொக்ஸ், எலுமிச்சையும் உப்பும் துணியில் கட்டித் தடியில் பிணைத்து அட்டையை விழுத்திய வழக்கத்தைத் தன் நூலில் எழுதியிருக்கிறார்.

கோப்பிக்கும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைக்கும் உழைக்க வந்த மக்களின் வாயில் அந்த உவமை தலைகீழானது. அட்டை இப்போது மேலே இருப்பவன்; இரத்தம் கீழே இருப்பவனுடையது.

ருஷ்யக் குடியானவர்களும் இவ்வாறே பேசினர். கரடிக்கு மிகயீல் பொத்தாபிச் என்று மனிதப் பெயர் சூட்டிக் கதை சொன்னார்கள். ருஷ்ய மொழியில் கரடியைக் குறிக்கும் சொல்லே 'தேன் தின்னி' என்ற பொருளுடையது. அஞ்சியதன் இயற்பெயரை உச்சரியாத வழக்கின் எச்சம். 1862இல் விளாதிமிர் தால் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். சல்திகோவ் ஷெத்ரினோ கரடியை ஆளுநராக்கி 1884இல் அதிகாரத்தை நையாண்டி செய்தார். நேரே சொல்ல முடியாததை விலங்கின் முதுகில் ஏற்றுவது எங்கும் எளியவரின் தந்திரம்.

நம்மவர் தமக்கெனத் தேர்ந்த விலங்கு பொதிமாடு. கண்டி மன்னர் காலத்தில் 'மடிகே' எனும் போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் பணிபுரிந்தனர். அவர்களுடைய தவளங்கள் உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றின; பாக்கை இறக்கின. லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாறு உண்டு. கலகெதரைப் பக்கம் மடிகே என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. வீதி வந்தது, 1867இல் புகையிரதமும் கண்டிக்கு வந்தது, தவளம் ஓய்ந்தது. சுமந்தவரின் பேரர்களில் சிலர் கடைக்காரரானோம். வாப்பாவும் தன்னைப் பொதி சுமக்கும் மாடென்றே சொல்லிக்கொள்வார். அதில் பொய்யில்லை, மூட்டையைத் தோளில் சுமந்தே அவர் மேடேறினார்.

ஆனால் அந்தப் பெண் கண்டது வேறு விலங்கு. அதிலும் பொய்யில்லை.

நம் வரலாற்றை எழுதுவோர் மாட்டைப் பற்றி எழுதுகிறோம். லயத்து மக்களின் வாய்மொழியையும் கேட்டு எழுதினாலன்றி அது பாதி வரலாறே. வாப்பாவின் கொப்பி என்னிடம் இருக்கிறது. அவள் பெயர் அதில் உண்டு. தீராத ஒரு தொகையும் உண்டு. அவள் சொன்ன வாசகத்தை அதன் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.