ஒரு குதிரை எவ்வளவு? பரிவலுவை அளந்த கதை

"மச்சான், உது எத்தினை எச்பி?"

புது பைக் ஒண்டு வந்து நிண்டா முதல் கேள்வி இதுதான். பதிலும் உடனே வரும். அந்த எண்ணை ஆர் அளந்தது, எங்க வைச்சு அளந்தது எண்டு நாங்கள் கேட்பதில்லை. தோட்டத்து நீர்ப்பம்பியின் தகட்டில் இருக்கும் எச்பியையும் அப்படியே நம்பித்தான் வாங்குகிறோம். நிறையைப் போல, நீளத்தைப் போல அதுவும் இயற்கையில் கிடக்கிற ஒரு அளவு என்று நினைக்கிறோம். ஆனால் பரிவலு ஒரு வியாபாரத் தேவைக்காகப் பிறந்த அளவு. அதன் கதை 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொடங்கி, 1980களின் அமெரிக்காவில் ஒரு இரும்பு உருளையின் மேல் ஏற்றப்பட்ட யமஹா வரை வருகிறது.

விற்பதற்கு ஒரு குதிரை

ஜேம்ஸ் வாட்டும் மத்தியூ போல்டனும் 1775இல் கூட்டுச் சேர்ந்து நீராவி எஞ்சின் விற்கத் தொடங்கினார்கள். முதலில் வாங்கியவர்கள் சுரங்க முதலாளிகள். அவர்களிடம் ஏற்கெனவே நியூகொமனின் பழைய எஞ்சின் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. எனவே கணக்கு லேசு. பழைய எஞ்சினோடு ஒப்பிட்டால் எவ்வளவு நிலக்கரி மிச்சமோ, அதன் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கு வாட்டின் கம்பனிக்கு.

1780களில் சில்லைச் சுழற்றும் எஞ்சின் வந்ததும் இந்தக் கணக்கு உதவவில்லை. அதைத் தேடி வந்தவர்கள் ஆலைக்காரரும் பியர் வடிப்பவர்களும். அவர்களிடம் ஒப்பிடப் பழைய எஞ்சின் இல்லை, குதிரைகள்தான் இருந்தன. அப்ப, இந்த எஞ்சின் எத்தினை குதிரைக்குச் சமன் எண்டு சொன்னால்தான் வியாபாரம் நடக்கும்.

வாட் ஒரு ஆலைக் குதிரையை எடுத்துக் கணக்குப் பார்த்தார். 12 அடி ஆரையுள்ள வட்டம், நிமிடத்துக்கு 2.4 சுற்று, 180 இறாத்தல் இழுவை. பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 32,600 அடி-இறாத்தல் வரும். அதை 33,000 என்று முழு எண்ணாக்கினார். அவருக்கு முன்பு ஜோன் சிமீட்டன் என்ற பொறியியலாளர் கண்ட பெறுமானம் 23,000ஐக்கூட எட்டவில்லை. வாட்டின் குதிரை நல்ல கொழுத்த குதிரை. நாள் முழுக்க அப்படி இழுக்க சாதாரணக் குதிரையால் ஏலாது. ஆனாலும் இன்று உலகம் முழுக்க எஞ்சின்களை ஒப்பிடுவது அந்தக் கொழுத்த குதிரையோடுதான்.

பிடித்து நிறுத்தி அளப்பது

எஞ்சின் வந்தது, அளவும் வந்தது. சொன்ன வலு உண்மையில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? 1821இல் பிரான்சின் கஸ்பார்ட் த புரோனி ஒரு வழி சொன்னார். சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடி. அந்தப் பிடியில் ஒரு நீண்ட கையைப் பொருத்து. தண்டு அந்தக் கையையும் சேர்த்துச் சுழற்றப் பார்க்கும். அதைச் சுழல விடாமல் நிறுத்த எவ்வளவு நிறை தொங்கவிட வேண்டும் என்று பார். அதிலிருந்து முறுக்கம் தெரியும். முறுக்கத்தைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் வலு. எஞ்சினுக்குப் பிரேக் போட்டு அளந்தபடியால்தான் 'பிரேக் பரிவலு' என்ற பெயரே வந்தது.

பெரிய எஞ்சின் என்றால் மரக்கட்டை கருகிவிடும். 1877இல் கப்பல் எஞ்சின்களை அளப்பதற்காக வில்லியம் புரூட் மரத்துக்குப் பதிலாகத் தண்ணீரைப் பிரேக் ஆக்கினார். வெப்பத்தைத் தண்ணீரே கொண்டுபோனது.

இந்த முறைகள் எல்லாம் தொழிற்சாலைக்குச் சரி. ஆனால் ஒரு மோட்டார் சைக்கிளை வைத்திருப்பவர் அதன் வலுவைத் தெரிந்துகொள்ள எஞ்சினைக் கழற்றி இப்படி ஒரு இயந்திரத்தில் பூட்டவா முடியும்? கம்பனி சொன்ன எண்ணை நம்புவதைத் தவிர வழியில்லை.

உருளையும் வி-மக்ஸும்

1978ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் புகைக்குக் கட்டுப்பாடு வந்தது. அதற்கு அமைய கம்பனிகள் காபரேற்றரில் பெற்றோலைக் குறைத்தன. பெற்றோலைக் கொஞ்சம் கூட்டி விட்டால் எஞ்சின் உற்சாகமாக ஓடும் என்று மெக்கானிக்குகளுக்குத் தெரியும். அதற்கான ஜெட்டுகளை விற்ற கம்பனிகளில் ஒன்று மார்க் டோபெக்கின் டைனோஜெட். தன் ஜெட் போட்டால் வலு கூடுகிறது என்று காட்ட அவருக்கு ஒரு அளவுகருவி தேவைப்பட்டது. இங்கேயும் வியாபாரம்தான்!

அவர்களின் டைனோ பிரேக் போடுவதில்லை. பாரமான உருளை ஒன்றின் மேல் பின்சில்லை வைத்து பைக்கைக் கட்டிவிடுவார்கள். ஒரே கியரில், முழுத் துரொட்டிலில் உருளையைச் சுழற்ற வேண்டும். உருளையின் சடத்துவத் திருப்பம் முன்கூட்டியே தெரியும். அது எவ்வளவு விரைவாக ஆர்முடுகுகிறது என்று பார்த்தால் வலு தெரிந்துவிடும். ஏ லெவலில் பௌதிகம் படித்தவர்களுக்கு இது பழக்கமான கணக்கு.

ஆனால் கணக்கு கேட்ட விடையைத் தரவில்லை. அமெரிக்க வாகன இதழ்களில் வந்த கதை இது. 1985 யமஹா வி-மக்ஸுக்குக் கம்பனி சொன்ன வலு 145. உருளை காட்டியதோ வெறும் 90. எஞ்சினின் வலுவில் ஒரு பகுதி அதன் சொந்த உறுப்புகளையும் சில்லையும் வேகமாக்கவே போகிறது. அதை உருளையால் பார்க்க முடியாது. மற்ற டைனோக்கள் காட்டிய எண்கள் 120ஐச் சுற்றி இருந்தன. கடைசியில் வி-மக்ஸுக்கு 120 வருகிற மாதிரிக் கணக்கைத் திருத்தச் சொன்னாராம் டோபெக். வாட்டின் குதிரைக்கு நடந்ததே இருநூறு வருசம் கழித்து யமஹாவுக்கும் நடந்தது.

அப்ப எல்லாம் பொய்யா?

கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்கு இங்கே ஒரு ஆசை வரும். 'பாருங்கோ, அளவு எண்டதே அதிகாரம் உள்ளவன் கட்டின கதை' எண்டு எழுதி முடித்துவிடலாம். ஆனால் அது பாதிதான் சரி.

குதிரை எவ்வளவு கொழுத்தது என்பதை விற்பவர் தீர்மானித்தார். ஆனால் அது ஒருமுறை நிலைத்த பிறகு, அதே கோலை வைத்து விற்பவரையே அளக்கலாம். எண்பதுகளுக்குப் பிறகு ஒரு சாதாரண வேலைத்தலத்தில் பைக்கை உருளையில் ஏற்றி, கம்பனியின் எண்ணையும் சைலன்சர் விளம்பரத்தின் எண்ணையும் சோதிக்க முடிந்தது. கம்பனி எஞ்சினின் தண்டில் அளந்து சொல்கிறது, உருளை பின்சில்லில் அளக்கிறது. நடுவில் கியர், செயின், ரயர் தின்பது போகத்தான் மிச்சம் வரும் என்பதும் அப்போதுதான் பலருக்கு விளங்கியது.

வலுவைக் கூட்டும் வேலைக்கும் இதுவே அடிப்படை. ஒரு பங்கு பெற்றோல் முழுதாக எரிய நிறைப்படி 14.7 பங்கு காற்று போதும். ஆனால் உச்ச வலு வருவது 13 பங்குக்குக் கிட்ட. புகைக்குழாயில் உணரி வைத்து அதைப் பார்த்து, ஜெட்டை மாற்றி, திரும்ப ஓட்டி, இரண்டு வளைகோடுகளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார்கள். அதே உருளை, அதே கியர், அதே எஞ்சின் சூடு இருக்க வேண்டும். காற்றின் வெப்பநிலைக்கும் அமுக்கத்துக்கும் திருத்தம் போட வேண்டும். இதெல்லாம் இல்லாமல் '2 எச்பி கூடிட்டுது' எண்டு யாரும் சொன்னால் நம்பத் தேவையில்லை. அது காலைக் குளிர்காற்றின் வேலையாகவும் இருக்கலாம். உச்ச எண்ணை மட்டும் பார்ப்பதும் பிழை. வீதியில் நாங்கள் ஓட்டுவது வளைகோட்டின் நடுப்பகுதியில்.

இன்னொரு விசயம். முறுக்கத்தை அடி-இறாத்தலிலும் வலுவைப் பரிவலுவிலும் ஒரே அளவிடையில் வரைந்தால், எந்த பைக் ஆனாலும் இரண்டு கோடுகளும் 5252 சுற்றில்தான் வெட்டும். 33,000ஐ 2πயால் வகுத்தால் வருவது அந்த எண். வாட்டின் குதிரை இன்னும் அங்கேதான் நிற்கிறது.

அதனால் அடுத்த முறை ஆரும் 'எத்தினை எச்பி' எண்டு கேட்டால், இன்னும் இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம். எங்க அளந்தது? எதோட ஒப்பிட்டு?