பாலாற்றில் வீழ்ந்தோர்

பாலாறு என்றவுடன், நந்தி மலைப் பகுதியில் தோன்றி வேலூர், காஞ்சிபுரம் வழியாகக் கடல் சேரும் நதியே தமிழர் நினைவுக்கு வருகிறது. அதே பெயர் பூண்ட மற்றோர் ஆறும் உண்டு. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் பாதையில், இரு மாநிலங்களின் எல்லையிலே காவிரியோடு கலக்கும் சிற்றாறு அது. 1997-ஆம் ஆண்டில் சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை, அதன் வடகரைக் காடுகள் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன.

அங்கே, 1993 ஏப்ரல் 9-ஆம் நாள், சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனைத் தேடிக் காவல் அதிகாரி கோபாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு சென்றது. வழியிற் புதைக்கப்பட்டிருந்த கண்ணிவெடிகள் வெடித்தன. 22 பேர் மாண்டனர். தலைவர் பலத்த காயங்களோடு உயிர் தப்பினார். மாண்டோருள் காவலரும் வனத்துறையினரும் மட்டுமல்லர், காட்டுவழி அறிந்து துணை சென்ற எளிய மக்களும் இருந்தனர்.

இதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, 1991 நவம்பரில், வனத்துறை அதிகாரி ஸ்ரீநிவாஸ் அதே கும்பலாற் கொல்லப்பட்டார். ஆந்திரத்திற் பிறந்து கர்நாடகத்திற் பணியாற்றிய அவர், துப்பாக்கியை மட்டும் நம்பியவர் அல்லர். வீரப்பனின் சொந்த ஊராகிய கோபிநத்தத்தில் மருத்துவ உதவி செய்தும், கோயில் எழுப்பத் துணை நின்றும் மக்கள் மனத்தை வென்றார். சரணடைவதாகச் சொன்ன வார்த்தையை நம்பிச் சென்ற இடத்தில் உயிரிழந்தார். பின்னர் அவருக்குக் கீர்த்தி சக்கரம் வழங்கப்பெற்றது.

வீரப்பன் 2004-இல் மாண்டான். அவனைப் பற்றி நூல்களும் திரைப்படங்களும் பல வந்துள்ளன. அவன் மீசையை அறியாத சிறுவர் இல்லை. ஆனால், பாலாற்றில் மாண்ட 22 பேருள் ஒருவர் பெயரையேனும் சொல்ல வல்லார் நம்மில் எத்தனை பேர்?

நம் முன்னோர் இவ்வாறு மறந்தவர் அல்லர். நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை எனப் படிப்படியாக வகுத்துரைக்கிறது. தருமபுரியிலும் செங்கத்திலும் கிடைத்துள்ள நடுகற்கள் பல, பேரரசர்க்கு எழுப்பியவை அல்ல; ஆநிரை மீட்கையில் வீழ்ந்த ஊர் வீரனுக்கு எழுப்பியவை. அரசனின் ஆட்சியாண்டைக் கூறும் அதே கல், அவ்வீரனின் பெயரையும் கூறும். கன்னட நாட்டின் வீரகற்களும் இம்மரபினவே. எல்லையின் இரு புறமும் உள்ளோர்க்கு இது பொதுச் செல்வம்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1982-இல் எழுப்பிய வியட்நாம் போர் நினைவுச் சுவரும் இக்கருத்தையே உணர்த்துகிறது. அதில் 58,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பதவி குறிக்கப்படாமல், வீழ்ந்த நாளின் வரிசையில் பொறிக்கப்பட்டுள்ளன. தளபதிக்கும் சிப்பாய்க்கும் அங்கே ஒரே அளவு எழுத்து.

நம் நாட்டிலும், 1959 அக்டோபர் 21-இல் லடாக்கில் சீனப் படையினராற் கொல்லப்பட்ட காவலர் பதின்மரின் நினைவாக, ஆண்டுதோறும் அந்நாள் போற்றப்படுகிறது. அன்று சீருடை அணிந்தோரை நினைக்கும் நாம், சீருடையின்றி உடன் சென்று மாண்டவரையும் சேர்த்து நினைத்தல் வேண்டும். மைசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மலைவழியே தாயகம் திரும்பும் தமிழன்பர்கள், பாலாற்றைக் கடக்கையில் கொள்ளையன் கதையைப் பேசுவது இயல்பே. அக்கதையோடு, உயிர் ஈந்தோர் கதையையும் தம் மக்களுக்குச் சொல்வாராயின், அதுவே நம் காலத்து நடுகல்லாகும்.