குவேக்: ஆடுவோர் திருத்திய ஆட்டம்

கணினி விளையாட்டுக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதனை நிறுவனங்களின் வரலாறாகவே எழுதிவிடுகின்றனர். 1996 யூனில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து இட் சொப்ற்வெயார் வெளியிட்ட ‘குவேக்’ எனும் சுடுகள ஆட்டத்தை நோக்கின், இப்பார்வை போதாதென்பது புலனாகும்.

அந்நிறுவனத்தின் முந்தைய ஆட்டமான ‘டூம்’ (1993), படங்கள், ஒலிகள், களங்கள் ஆகியவற்றை இயக்குநிரலினின்றும் பிரித்துத் தனிக்கோப்பில் வைத்திருந்தது. ஆதலின் ஆடுவோர் புதிய களங்களை அமைத்தனர். விதிகளை மாற்றுதல் அவர்க்கு எளிதாயிருக்கவில்லை. குவேக்கோ ஆட்டவிதிகளையே ‘குவேக்-சி’ என்னும் எளிய நிரல்மொழியில் அமைத்து, யாவரும் திருத்த விட்டது. அவ்வாண்டிலேயே அவுஸ்திரேலிய இளைஞர் மூவர் ‘ரீம் போட்றெஸ்’ என்ற திருத்தத்தை வெளியிட்டனர். ஒவ்வொருவனும் ஏனையோரைச் சுட்டுவீழ்த்திய களத்தில், காலப்போக்கில் மருத்துவன், ஒற்றன், பொறியியலாளன் என வேறுபட்ட பணியினர் அணிசேர்ந்து பொருதனர். இஃது அலங்கார மாற்றமன்று. ஆட்டத்தின் இலக்கணமே மாறியது எனலாம்.

ஆக்கியோருள் றொபின் வாக்கர், ஜோன் குக் ஆகியோரை 1998இல் வால்வ் நிறுவனம் பணிக்கமர்த்தியது. இலவசமாகப் பரவிய ஆக்கத்தின் பெயர் 2007இல் ‘ரீம் போட்றெஸ் 2’ என விற்பனைப் பண்டமாயிற்று. இதனைத் திறமைக்குக் கிடைத்த மதிப்பென்பர். உண்மையே, ஆயினும் ஊதியமின்றி ஆடித்தேர்ந்து அதனை வளர்த்த பெருங்கூட்டத்தை அம்மதிப்பு எட்டவில்லை.

1999 டிசெம்பரில் குவேக்கின் மூலநிரல் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. ‘டார்க்பிளேசஸ்’, ‘குவேக்ஸ்பாஸ்ம்’ முதலாய திருத்திய இயக்குநிரல்கள் அதனின்றும் தோன்றின. படங்களும் ஒலிகளும் களங்களும் நிறுவனத்தின் உடைமையாகவே நின்றன. மூலக் களங்கள் அனைத்திலும் ஆட விழைவோர் அக்கோப்புக்களை இன்றும் விலைகொடுத்தே பெறல்வேண்டும்.