வெற்றிலை சப்பும் மீன்

பதுளைக் கடைகளில் 'பிளக் ரூபி' என்று விற்கிறார்களே, அது வெளிநாட்டு மீன் இல்லை. களனி முதல் நில்வளா வரையான நம் நாட்டு ஓடைகள்தான் அதன் சொந்த ஊர். 1868இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் அல்பர்ட் குந்தர் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். சிங்களப் பெயர்தான் அழகு: 'புலத் ஹபயா', வெற்றிலை சப்புபவன். இணைசேரும் காலத்தில் ஆண் மீனின் முகம் அப்படியே சிவந்துவிடும்! மூன்றடித் தொட்டியில் ஏழெட்டு விட்டால், ஆண்கள் நிறம் காட்டிப் போட்டிபோடுவதைப் பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்ப்பார்கள்.

ஏற்றுமதிக்கென்று அள்ளியதில் பல ஓடைகளில் இது குறைந்துபோனது. வாங்கும்போது பண்ணையில் வளர்த்ததா என்று கேளுங்கள். வளர்த்துச் சலித்தாலும் பதுளு ஓயாவில் விட்டுவிடாதீர்கள், அது இந்த மீனின் ஊர் இல்லை.