லசந்த கேட்ட கேள்வி

2007இல் 'சண்டே லீடர்' ஒரு கேள்வியை எழுப்பியது. 2006இல் உக்ரைனிலிருந்து கொள்வனவு செய்யப்பட்ட மிக்-27 போர் விமானங்கள் 2000ஆம் ஆண்டில் வாங்கியவற்றைவிடப் பழையவை. அவ்வாறாயின் விலை மட்டும் கூடியதேன்?

அவ்வாண்டு நவம்பரில் இரத்மலானையிலிருந்த அதன் அச்சகம் எரிக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் கோத்தாபய ராஜபக்ஷ அவதூறு வழக்குத் தொடுத்தார். 2009 ஜனவரி 8ஆம் திகதி, பணிக்குச் செல்லும் வழியில் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். மூன்று நாட்களின் பின் வெளியான தலையங்கத்தில், தான் கொல்லப்பட்டால் அதற்கு அரசே பொறுப்பு என அவர் எழுதி வைத்திருந்தார்.

2000இல் நிமலராஜனையும் 2005இல் சிவராமையும் பறிகொடுத்த தமிழ்ச் செய்தியாளர்களாகிய எமக்கு அன்றுதான் ஒன்று தெளிந்தது: ஊழலைத் தொட்டவருக்குப் பெரும்பான்மை இனத்தவர் என்பதும் கவசமாகாது. இக்கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.